யார் நிரூபிக்க வேண்டும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன். கல்லூரி நாட்களிலிருந்தே நான் கடவுள் மறுப்பாளன். என் அண்ணன் ஆழ்ந்த பக்தர். எங்கே ஆரம்பித்தாலும் எங்கள் பேச்சு ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. “கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள்” என்பேன். “இல்லை என்று நீ நிரூபி, பார்க்கலாம்” என்பார். காற்றைக் கண்ணால் பார்த்தாயா, அம்மாவின் பாசத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்தாயா என்று கேட்பார். கடவுளை நம்பிய விஞ்ஞானிகளின் பட்டியலைப் படிப்பார். மதம் என்று ஒன்று இல்லாதிருந்தால் உலகில் போரே நடந்திருக்காது என்று நான் சொல்லும்போது பேச்சு சண்டையாகிவிடும். இப்போது அம்மாவுக்கு வந்திருக்கும் கண் அழுத்த நோய்க்கு மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்யச் சொல்லியும், தான் தொடங்கிய பிரார்த்தனை முடியட்டும் என்று அண்ணன் தள்ளிப்போட்டு வருகிறார். அவரிடம் பேசுவதே வீண் என்று தோன்றுகிறது.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? ஆதாரமில்லாமல் ஒன்றை நம்புவது அறிவுநேர்மைக்கு ஒத்ததா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

காற்றை முதலில் முடித்துவிடலாம். அதன் வேகத்தையும் அழுத்தத்தையும் அளக்கக் கருவிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாதது வேறு, எந்த வழியிலும் பிடிபடாதது வேறு. விஞ்ஞானிகளின் பட்டியலும் அவ்வளவுதான். நியூட்டன் பக்தர், ரசவாதத்திலும் அதே தீவிரத்தோடு மூழ்கிக் கிடந்தவர். ஈர்ப்பு விதியைக் கண்டவர் சொன்னார் என்பதற்காக இன்று யாரும் ரசவாதத்தை ஏற்பதில்லை.

அம்மாவின் பாசம் பற்றிய கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. அது மிகப் பழைய கேள்வி. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளை ஒவ்வொருவராகக் கேட்டுவரும் மணிமேகலை, கடைசியில் பூதவாதி என்ற பொருள்முதல்வாதியிடம் வருகிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்கிறான் அவன். அப்படியானால் உன் தாயையும் தந்தையையும் அனுமானத்தால், அதாவது தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகித்து அறியும் வழியால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள் அவள். பிறந்த கணத்தை யாரும் பார்த்து நினைவில் வைத்திருப்பதில்லை அல்லவா? சரியான அடி. கண்ணால் கண்டதை மட்டும் நம்பி எவராலும் ஒரு நாளைக்கூடக் கழிக்க முடியாது.

ஆனால் உங்கள் அண்ணன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகைப் படைத்த கடவுள் என்ற கருத்துக்கு இடம் கொடுக்காத பௌத்தக் காப்பியம் அது. பூதவாதியை மடக்கியதால் அங்கே கடவுள் நிரூபணமாகிவிடவில்லை. அனுமானம் என்ற வழி திறந்தது, அவ்வளவே. அம்மாவின் பாசத்தை அளக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆதாரமில்லாமலா நம்புகிறோம்? பல வருடங்களாக அவர் நடந்துகொண்ட விதம் முழுவதும் ஆதாரம்தானே? அவர் நேர்மாறாக நடந்துகொண்டால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகியும் இருக்கிறது. எது நடந்தால் ஆட்டம் காணும் என்று சொல்ல முடிகிற நம்பிக்கை அது. கடவுள் நம்பிக்கை அந்த வகையா என்பதுதான் அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்வி.

அதே கேள்வியை அவரும் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1748-இல் அற்புதங்களைப் பற்றி எழுதிய அத்தியாயத்தில் இரண்டு கற்பனைகள் வருகின்றன. 1600 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கி எட்டு நாட்கள் பூமி முழுவதும் இருளில் மூழ்கியது என்று எல்லா நாட்டவரும் எல்லா மொழிகளிலும் ஒருமித்துச் சாட்சி சொன்னால் அதை ஏற்று, காரணத்தைத் தேட வேண்டும் என்கிறார். ஆனால் அதே நாளில் எலிசபெத் அரசி இறந்தார், ஒரு மாதம் புதைகுழியில் இருந்தபின் எழுந்து வந்து மூன்று வருடங்கள் ஆட்சி செய்தார் என்று எல்லா வரலாற்றாசிரியர்களும் எழுதினாலும் தான் நம்பப்போவதில்லை என்கிறார். மனிதர்களின் வஞ்சகமும் மடமையும் அவ்வளவு சாதாரணமானவையாம்; மதத்துக்காகச் சொல்லப்படும் அற்புதம் என்றால் அதுவே ஏமாற்று வேலைக்கு அடையாளமாம். மனிதர்களைப் பற்றிய அவரது கணிப்பு சரிதான். ஆனாலும் இரண்டாவது கற்பனையில் அவர் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சியை அழைக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. எந்தச் சாட்சி வந்தாலும் நம்ப மாட்டேன் என்பவரும், எந்தச் சாட்சி வந்தாலும் நம்பிக்கையை விட மாட்டேன் என்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

நிரூபிக்கும் பொறுப்பு என்று வந்தால் விதி எளியது. உண்டு என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே, எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாத சிறிய பீங்கான் தேநீர்க் கெண்டி ஒன்று சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று மற்றவர்களால் நிரூபிக்க முடியாது. அதனாலேயே அதை நம்ப வேண்டும் என்றும் ஆகாது. ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் 1952-இல் எழுதியது இது. இங்கே உங்கள் பக்கம் வலுவானது. ஆனால் மதம் இல்லாதிருந்தால் போரே நடந்திருக்காது என்றீர்களே, அதுவும் உறுதியான கூற்றுதான். அதற்கான ஆதாரத்தை நீங்கள்தான் தர வேண்டும். இரண்டு உலகப் போர்களும் மதத்துக்காக மூண்டவை அல்ல. அண்ணனுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கடவுளுக்கான நிரூபணங்களை நீங்கள் உடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கிடைக்கும் வெற்றி நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. 1948-இல் பி.பி.சி. வானொலியில் ரஸலும் ஏசுசபைப் பாதிரியார் காப்பிள்ஸ்டனும் நடத்திய விவாதத்தைப் பாருங்கள். கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியும் என்கிறீர்களா என்று தொடக்கத்திலேயே பாதிரியார் கேட்கிறார். இல்லை, என் நிலை அறியொணாவாதம், அதாவது உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பது, என்கிறார் ரஸல். உலகில் உள்ள ஒவ்வொன்றும் இன்னொன்றைச் சார்ந்து இருக்கிறது, எதையும் சாராத ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது பாதிரியாரின் வாதம். உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார் ரஸல். சதுரங்கப் பலகையின் முன் உட்காரவே மறுப்பவரை யாராலும் தோற்கடிக்க முடியாது என்று பாதிரியார் திருப்பிக் கொடுக்கிறார். அந்த நக்கல் எனக்குப் பிடிக்கும். ஆனால் ரஸல் உட்கார்ந்து ஆடித் தோற்றிருந்தால்தான் என்ன? எதையும் சாராத ஒன்று இருக்கிறது என்று ஆகியிருக்கும். அது உங்கள் அண்ணனின் வேண்டுதலைக் கேட்குமா, ஒரு கண்ணைக் குணப்படுத்துமா என்பதைப் பற்றி அந்த வாதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

பக்தர்களில் கூர்மையானவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. குடத்துக்குக் குயவன் போல உலகுக்கு ஒரு கர்த்தா, அதாவது செய்தவன், வேண்டும் என்று நியாய தரிசனத்தைச் சேர்ந்த தர்க்கவாதிகளான நையாயிகர்கள் வாதிட்டார்கள். அவர்களில் ஒருவரான உதயணர் அதை ஒரு நூலாகவே விரித்தார். அந்த வாதத்தை எதிர்த்தவர்கள் நாத்திகர்கள் மட்டுமல்ல. வேதத்தின் அதிகாரத்துக்காகத் தீவிரமாக வாதாடிய குமாரிலபட்டர், படைத்தவனுக்கு அப்படி என்ன தேவை வந்தது, பயன் கருதாமல் மூடன்கூட ஒரு காரியத்தில் இறங்க மாட்டானே என்று கேட்டார். வைணவ ஆசாரியர் இராமானுஜர் தன் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அந்த வாதத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போடுகிறார். மாளிகையையும் தேரையும் பலர் சேர்ந்துதானே கட்டுகிறார்கள், உலகத்தை மட்டும் ஒருவனே செய்தான் என்று எப்படி அனுமானிப்பாய்? நாம் கண்ட கர்த்தாக்களுக்கெல்லாம் உடம்பு இருக்கிறதே, அவனுக்கும் உண்டா? அனுமானத்தால் ஈசுவரனை நிறுவ முடியாது, சாத்திரம் ஒன்றே வழி என்பது அவர் முடிவு. நிரூபணத்தை உடைத்த கையோடு அவர் பக்திக்குத் திரும்பிப் போய்விடுகிறார். அண்ணனின் வாதங்களை முறியடித்தால் அவர் பக்தியை விட்டுவிடுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது ஏன் பலிப்பதில்லை என்று இப்போது புரிகிறதா? அவர் பக்தி அந்த வாதங்களின் மேல் நிற்கவில்லை. நீங்கள் கேட்பதால் அவற்றைச் சொல்கிறார்.

ஆதாரமில்லாமல் நம்புவது நேர்மையா என்ற உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமானது. ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிஃபர்டு 1877-இல் ஒரு கப்பல் முதலாளியின் கதையைச் சொன்னார். கப்பல் பழையது, கட்டும்போதே அவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டதல்ல, பலமுறை பழுது பார்த்தது. இன்னொரு பயணத்தைத் தாங்குமா என்று சந்தேகம் எழுகிறது. செப்பனிடப் பெரும் செலவாகும். இத்தனை புயல்களைக் கடந்து வந்த கப்பல்தானே என்று முதலாளி தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். பிழைப்பு தேடித் தாய்நாட்டை விட்டுப் போகும் இந்தக் குடும்பங்களை ஆண்டவன் கைவிட மாட்டான் என்றும் சொல்லிக்கொள்கிறார். மெல்ல மெல்ல உண்மையாகவே நம்பத் தொடங்கிவிடுகிறார். லேசான மனத்தோடு வழியனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. முதலாளி காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் மனப்பூர்வமாக நம்பியது அவரைக் காப்பாற்றாது என்றார் கிளிஃபர்டு. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்றும் சொன்னார். அதோடு நிற்காமல், போதிய ஆதாரமின்றி எதையும், எங்கும், எப்போதும், யாரும் நம்புவது தவறு என்று தீர்ப்பெழுதினார்.

1896-இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் ‘நம்பும் விருப்பம்’ (The Will to Believe) என்ற கட்டுரையில் இதற்குப் பதில் சொன்னார். சில விஷயங்களில் ஆதாரம் வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். உனக்கு என்னைப் பிடிக்கும் என்பதற்கு முதலில் சான்று கொடு, பிறகு பழகுகிறேன் என்பவனுக்கு நண்பன் கிடைக்க மாட்டான். அறிவால் முடிவு கட்ட முடியாத, தள்ளிப்போடவும் முடியாத, வாழ்க்கையைப் பாதிக்கிற தேர்வுகளில் மட்டும் மனம் சாயும் பக்கம் போக நமக்கு உரிமை உண்டு என்றார் ஜேம்ஸ். நினைத்ததையெல்லாம் நம்பலாம் என்று அவர் சொல்லவில்லை. அப்படி மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தக் கட்டுரையைத் தலைப்போடு நிறுத்திக்கொண்டவர்கள்.

நான் இவர்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். கிளிஃபர்டின் தீர்ப்பு அளவுக்கு மீறியது. ஆனால் கதை அசைக்க முடியாதது. காரணம், அந்தக் கப்பலில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்க எனக்கு உரிமையில்லை. அவர் அதை வைத்து மன அமைதி அடையலாம், நல்லவராக இருக்கலாம், அழலாம். அதே நம்பிக்கை இன்னொருவரின் உடம்பையோ பணத்தையோ சுதந்திரத்தையோ தொடும் நிமிடத்தில் ஆதாரம் காட்டியாக வேண்டும். அப்போது முழுச் சுமையும் நம்புகிறவர் தலையில்தான்.

ஆகவே, கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் நீங்கள் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். அம்மாவின் கண். கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை. சிகிச்சையால் மிச்சமிருப்பதைத்தான் காக்க முடியும். பிரபஞ்சத்தின் முதல் காரணத்தைப் பற்றி அண்ணனோடு விவாதிப்பதை ஒத்திவைக்கலாம், இதை ஒத்திவைக்க முடியாது. இங்கே அவர் சொல்வது சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று. சோதித்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாதவர்களில், பிரார்த்தனை நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் அது 59 சதவீதம்.

கடவுளைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்பார் உங்கள் அண்ணன். மத நோக்கில் அது மதிப்புக்குரிய பதில்தான். பல பக்தர்கள் அந்த ஆய்வைப் பற்றி அதையே சொன்னார்கள். ஆனால் சோதனைக்கு அப்பாற்பட்டவர் என்று அவரே சொல்லும் கடவுளை வைத்து அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் அவர் வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல நீங்கள் அவரை நாத்திகராக்க வேண்டியதில்லை. பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். அறுவைச் சிகிச்சை நடக்கும்போது வெளியே உட்கார்ந்து அவர் பிரார்த்திக்கட்டும். நீங்களும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அண்ணன் சொன்னது இருக்கிறது, நீங்கள் சொன்னது இருக்கிறது, மருத்துவர் சொன்னது இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று எங்கும் இல்லை. கண் அவருடையது. மருத்துவரிடம் மூவருமாகப் போங்கள். எவ்வளவு நாள் தாமதிக்கலாம், தாமதித்தால் என்ன போகும் என்று அம்மாவின் முன்னிலையிலேயே கேளுங்கள். பிறகு அவர் முடிவு செய்யட்டும்.

அன்புடன்