வாசகர் கேள்வி: எலும்புக்கூட்டுப் படையா, பிடுங்கிய பல்லா?

கேள்வி: நண்பர்களுடன், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடி வருகிறேன். அடுத்த கதைக்குப் பார்த்தாலே குலை நடுங்கும் ஒரு பாத்திரம் வேண்டும். பிணங்களை எழுப்பும் நெக்ரோமான்சரைச் சொன்னேன். ஆட்டத்தை நடத்தும் நண்பர் தயங்குகிறார். வேறு எதை எடுக்கலாம்?

பதில்: அவருடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எழுப்பப்பட்ட எலும்புக்கூடு 24 மணி நேரம்தான் சொன்னபடி கேட்கும். கெடு முடிவதற்குள் மந்திரத்தை மறுபடி ஏவாவிட்டால் அது உங்கள் பிடியிலிருந்து நழுவிவிடும். கதைக்கு இது நல்ல அச்சம்தான். ஆனால், நான்கைந்து எலும்புக்கூடுகள் சேர்ந்த பிறகு, உங்கள் முறை வரும்போதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பகடை உருட்டிக்கொண்டிருந்தால், எதிரில் இருப்பவர்களுக்குப் பயத்துக்குப் பதிலாகக் கொட்டாவிதான் வரும்.

இந்த ஆட்டத்தின் திகில் உலகமான ரேவன்லாஃப்ட்டுக்கு 2021-இல் வெளியான வழிகாட்டி நூலில், பாத்திரத்தின் இயல்பைத் தீர்மானிக்கும் டாம்பீர், ரீபார்ன், ஹெக்ஸ்பிளட் என மூன்று மரபுகள் உள்ளன. செத்துப் பிழைத்த ரீபார்னுக்கு மூச்சும் உணவும் தேவையில்லை. முற்பிறவி நினைவு அவ்வப்போது கைகொடுக்கும். பாதி இரத்தக்காட்டேரியான டாம்பீர், உயிர்ப்புள்ளிகளில் பாதியோ அதற்கு மேலோ இழந்து நிற்கும்போது, கடிப்பதற்கு மட்டும் கூடுதல் சாதகத்துடன் பகடை உருட்டலாம். அதாவது, காயம் ஆழமாக ஆழமாகப் பசி மேலோங்குவதை விதியே சொல்லிவிடுகிறது. அந்தப் பசி இரத்தத்துக்கானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. பிறர் கனவுகளைத் தின்பவராகவும் நீங்கள் இருக்கலாம்.

என்னைக் கேட்டால் ஹெக்ஸ்பிளட்டைத்தான் சொல்வேன். சூனியக்காரியின் மாயம் உடலில் ஊறிய இப்பாத்திரம், தன் பல்லையோ நகத்தையோ முடிக்கற்றையையோ வலியின்றிப் பிடுங்கித் தோழர் கையில் கொடுத்துவிட்டு, 10 மைல் தொலைவுக்குள் இருக்கும்வரை அவர் மனத்துக்குள் 25 சொற்கள் வரை பேச முடியும். அருவருப்பும் பயனும் ஒரே பொருளில் இருப்பதால், குழுவினர் முகம் சுளித்தாலும் அதை வீசி எறிய மாட்டார்கள். இருண்ட பாத்திரம் என்றாலே மூலையில் தனியாக நின்று முறைப்பதும், தோழர்களின் பையில் கைவைத்துவிட்டு ‘என் பாத்திரம் அப்படித்தான்’ என்று வாதாடுவதும்தான் என நினைப்பவர்கள் உண்டு. நடத்துபவர் அஞ்சுவது பெரும்பாலும் அதற்குத்தான்.

இந்நூலைப் பயன்படுத்த அவருடைய அனுமதி தேவை. அதைப் பெற்றதும், முதல் பல்லை யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள், அவருடைய பாத்திரம் எதற்காக அதை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதைப் பல்லை வாங்கப்போகும் நண்பருடன் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.