மகளுக்கு 15 வயது. பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுக்க வேண்டும், தேதி இடிக்கிறது. மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் ஒரு மருத்துவர் அவளைப் பார்த்த பிறகு, அவளுக்கும் சம்மதம் என்றால் மட்டும். கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் வேண்டாம்.

நான் விருதுநகர் பக்கம் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். பங்குனியிலும் ஆடியிலும் இந்த மாத்திரை கேட்டு வராத நாள் கிடையாது. வருகிறவர் பெரும்பாலும் அப்பா, இல்லையென்றால் அண்ணன். கையில் பழைய காலி அட்டை ஒன்று இருக்கும். "இதே மாதிரி ஒண்ணு குடுங்க." யாருக்கு என்று கேட்டால் "வீட்ல கேட்டாங்க" என்பார். வயசு என்ன, ஒற்றைத் தலைவலி உண்டா, வலிப்புக்கோ டிபிக்கோ மாத்திரை ஓடுகிறதா என்று அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டாலும் அவருக்கு என்ன தெரியும்? அட்டையிலேயே 'மருத்துவர் சீட்டுக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. சீட்டு இல்லாமல் நான் தருவதில்லை. திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

அந்த மாத்திரையின் பெயர் நோரெதிஸ்டிரோன். பிரைமோலட்-என் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறையும்போதுதான் கர்ப்பப்பையின் உள்தோல் உதிர்ந்து இரத்தம் வருகிறது. மாத்திரை அந்த ஹார்மோனின் வேலையைத் தொடர்ந்து செய்வதால் உதிர்வது தள்ளிப்போகிறது. வழக்கமாக எழுதும் அளவு 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும்.

இங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். ஓர் அட்டையில் பத்து மாத்திரை. மூன்று வேளை போட்டால் மூன்று நாளில் தீர்ந்துவிடும். ஒரே அட்டையை வாங்கிப் போட்டு முடித்தால், சரியாகத் திருவிழா நடுவில் வந்து நிற்கும். இன்னும் சிலர் லேசாகக் கறை பட ஆரம்பித்த பிறகு போடுகிறார்கள். அப்போது அதை நம்ப முடியாது.

முளைப்பாரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு நாள் கல்யாணம் மாதிரி இல்லை இது. முத்து, அதாவது விதை, போட்டு இருட்டறையில் வைத்த நாளிலிருந்து, ஊர் சுற்றிக் கொண்டுபோய்க் கரைக்கும் வரை விரதம். காப்பு கட்டும் ஊர்களில் அதுவும் சேரும். முன்னால் மூன்று நாளையும் கூட்டினால் பத்துப் பதினான்கு நாள் ஆகிவிடும். இந்த மாத்திரையை அதற்கு மேல் நீட்டச் சொல்வதில்லை. நாள் கூடக் கூட நடுவிலேயே கறை படவும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம், வயசுக்கு வந்து ஓரிரண்டு வருஷம்தான் ஆகிறது என்றால் தேதியே நிலையாக இருக்காது. அந்த வயதில் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும், இரண்டுமே இயல்புதான். 'மூன்று நாள் முன்பு' என்று எதை வைத்து எண்ணுவீர்கள்?

ஆபத்து என்று பார்த்தால், இந்த மாத்திரையில் ஒரு பகுதி உடலுக்குள் போய் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே வகை. அதனால் இரத்தம் உறைவதற்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. ஆரோக்கியமான பெண்ணுக்குச் சில நாளில் அப்படி ஆவது மிக அரிது. ஆனால் அவளுக்கோ, அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவதோ இளவயதில் காலில், நுரையீரலில் இரத்தம் உறைந்திருந்தால், கண்ணில் மின்னல் அடித்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால், கல்லீரல் கோளாறு இருந்தால், உடல் எடை மிக அதிகமாக இருந்தால், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் வேறு மாத்திரை எழுதலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். மாத்திரை போடும்போது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ திருவிழாவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இன்ன மாத்திரை போட்டோம் என்று அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

"பின்னால பிள்ளை பிறக்காது" என்று பாட்டிமார் பயமுறுத்துவார்கள், அப்படி ஒன்றும் இல்லை. எப்போதோ ஒரு முறை போடுவதால் கர்ப்பப்பை கெடாது. சின்னதாக வயிறு உப்புசம், மார்பகத்தில் வலி, தலைவலி, எரிச்சல் வரலாம். பொட்டுக்கடலையை மென்றால் தள்ளிப்போகும் என்பதும் கதைதான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். முளைப்பாரி எடுக்க அவளுக்கு ஆசையா, வீட்டுக்கு ஆசையா? அவளுக்கே ஆசை என்றால் சரி. வீட்டுக்காக என்றால் அத்தை மகளோ சித்தி மகளோ எடுக்கட்டுமே. மேல்மருவத்தூரில் எல்லா நாளும் பெண்கள் கருவறை வரை போகிறார்கள், அங்கே அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முடிவு செய்துவிட்டால், திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருத்துவரே போதும். கடைசி மூன்று மாதத் தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள். எடையும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். இதற்கு உள் பரிசோதனை தேவையில்லை என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதிப் பயம் அதில்தான். எந்தத் தேதியில் ஆரம்பித்து எதில் நிறுத்துவது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், அந்தக் கணக்குக்கு மாத்திரையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் அதே மருத்துவரை மறுபடி பாருங்கள்.