பாஸ் மீன் வீடியோ பாத்துட்டு விராலுக்கு ராட் வாங்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேள்வியும் பதிலும்

கேள்வி: அண்ணா, யூடியூப்ல அமெரிக்காகாரங்க பாஸ் புடிக்கிற வீடியோ பாத்து பாத்து ஆசை வந்துடுச்சு. ஒரே போட்ல ஏழெட்டு தூண்டில் ராட் வெச்சிருக்காங்க. என்கிட்ட இருக்கறது 5,000 ரூபா. பாரூர் ஏரி, கேஆர்பி டேம் பக்கம் தான் போவேன். எதை வாங்குறது? (காவேரிப்பட்டணத்துல இருந்து)

தம்பி, மொதல்ல மீன பத்தி பேசிடுவோம், அப்புறம் ராடுக்கு வருவோம். அந்த வீடியோல வர்ற லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்கா மீன். ஜப்பான்ல 1925ல ஆஷி ஏரில கொண்டு வந்து விட்டு அது நாடு பூரா பரவிடுச்சு, அங்க பிவா ஏரில 2009ல புடிச்ச 10 கிலோ சொச்சம் பாஸ் தான் 1932ல ஜார்ஜியால புடிச்ச உலக ரெகார்டுக்கு சமமா நிக்குது. பெரிசா புடிபட்டதுன்னு சந்தோஷப்பட்டாலும் அங்க இருந்த சின்ன மீனையெல்லாம் அது தின்னு தீத்துது, இப்ப அந்த மீன உயிரோட வெச்சிருக்கவும் வேற தண்ணில விடவும் ஜப்பான்ல சட்டப்படி தடை. அதனால குஞ்சு எங்கயாச்சும் கெடச்சா வாங்கி நம்ம ஏரில விடலாமான்னு மட்டும் யோசிக்காதீங்க.

நம்ம ஏரில அந்த எடத்துல இருக்கறது விரால். பாஸ் மாதிரியே இதுவும் அல்லி இலைக்கு அடியிலயும் ஆகாயத்தாமரை ஓரத்துலயும் பதுங்கி இருந்து பாஞ்சு அடிக்கிற மீன், அதனால தான் பாஸுக்குன்னு செஞ்ச ரப்பர் தவளைய இதுவும் அடிக்குது. ஆனா ரெண்டு வித்தியாசம் இருக்கு, உங்க காசு எங்க போவணும்ங்கறத அது தான் முடிவு பண்ணும். ஒண்ணு, பாஸ் வாய தெறந்து இரைய தண்ணியோட சேத்து உறிஞ்சிக்கும், விரால் கடிச்சு புடிக்கும், அதோட வாய் எலும்பும் பல்லுமா கெட்டியா இருக்கும், தூண்டில் முள்ளு ஏறணும்னா வெடுக்குனு இழுக்கற அளவுக்கு ராட்ல முதுகு பலம் வேணும். ரெண்டு, மாட்டின அடுத்த நொடி கொடிக்குள்ள பூந்துடும், அங்க விட்டுட்டீங்கன்னா மீனும் போச்சு தவளையும் போச்சு.

அதனால உங்களுக்கு ஒரே செட்டு போதும். ஏழடி நீளம், மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். ஃபாஸ்ட் ஆக்‌ஷன்னா நுனி மட்டும் வளையும், கீழ கெட்டியா நிக்கும்னு அர்த்தம். ராடோட கைப்பிடிக்கு மேல பொடி எழுத்துல போட்டிருக்கறத கட்டாயம் படிங்க, எத்தனை கிராம் லூர் (செயற்கை இரை) வரைக்கும் வீசலாம், எத்தனை பவுண்டு நரம்பு (தூண்டில் கயிறு) தாங்கும்னு அதுல இருக்கும். ரப்பர் தவளை பெரும்பாலும் 10ல இருந்து 15 கிராம் வரும், அப்ப 10 - 28 கிராம்னு போட்ட ராட் உங்களுக்கு சரி. 3 - 10 கிராம்னு போட்டத வாங்கிட்டு தவளைய வீசினா ராட் ஒடியலன்னாலும் மீன் வாய்ல முள்ளு ஏறாது. கடைக்காரர் "எல்லாத்துக்கும் ஆகும்"னு சொல்லுவாரு, எழுத்த காட்டி கேளுங்க.

5,000த்த நானா இருந்தா இப்படி பிரிப்பேன்: ராடுக்கு 1,500 - 1,800, நரம்ப சுத்தற ரீலுக்கு 2,000த்துக்குள்ள, மிச்சம் நரம்புக்கும் தவளைக்கும். நரம்புல மிச்சம் புடிக்காதீங்க, அது தான் மீனுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கறது. கொடி இருக்கற ஏரிக்கு 30 பவுண்டு பிரெய்டு (பின்னுன நரம்பு), ரொம்ப அடர்த்தின்னா 40. ஸ்பூல்ல, அதாவது ரீல்ல நரம்பு சுத்தற உருளைல, நேரா பிரெய்டு சுத்துனா மொத்தமா வழுக்கிட்டு சுத்தும், மொதல்ல கொஞ்சம் சாதா நைலான் நரம்பு சுத்திட்டு அதோட முடிச்சு போட்டு பிரெய்டு ஏத்துங்க, பிரெய்டும் மிச்சம் ஆவும். விளிம்பு வரைக்கும் நிரப்பிடாதீங்க, ஒரு ரெண்டு மில்லிமீட்டர் காலியா விடுங்க, இல்லன்னா கொத்தா அவுந்து வந்து சிக்கிக்கும். கொடிக்குள்ள வீசறப்ப தவளைய பிரெய்டுலயே நேரா கட்டுங்க, நடுவுல லீடர்னு தனி நரம்பு துண்டு வெச்சா அந்த முடிச்சுல பாசி புடிச்சுக்கும்.

இன்னொண்ணு. ஏரிய குத்தகை எடுத்தவங்க இருப்பாங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க. மழைக்காலத்துல தண்ணி மேல செவப்பா பொடிக்குஞ்சு கூட்டமா சுத்திட்டு இருந்தா கீழ தாய் தகப்பன் காவல் நிக்குதுன்னு அர்த்தம், அந்த எடத்துல வீசவே வீசாதீங்க, அந்த ஜோடிய எடுத்துட்டா குஞ்சு அத்தனையும் மத்த மீனுக்கு தீனி தான்.

கேள்வி: பெய்ட்காஸ்டர் ரீல் வாங்குனா தான் கெத்துன்னு ஃப்ரெண்டு சொல்றான், அதுல 18 பேரிங் இருக்காம். ஸ்பின்னிங் ரீல்ல 3 தான் போட்டிருக்கு. எது நல்லது? (ஓசூர்)

பெய்ட்காஸ்டர்னா ராடுக்கு மேல உக்கார்ற, வீசறப்ப ஸ்பூலே சுத்தற ரீல், ஸ்பின்னிங்னா ராடுக்கு கீழ தொங்கற, வீசறப்ப ஸ்பூல் சுத்தாம நிக்கற ரீல். பேரிங் எண்ணிக்கைய பாத்து ரீல் வாங்காதீங்க ப்ளீஸ். வெலை கம்மியான ரீல்ல 13+1, 18+1னு பெட்டி மேல அச்சடிக்கறது விக்கறதுக்காக தான், மட்டமான பேரிங் பதினெட்டு இருக்கறதுக்கு நல்ல பேரிங் மூணு எவ்வளவோ மேல். ஷிமானோ, டைவா மாதிரி பேர் வாங்குன கம்பெனியோட ஆரம்ப மாடல்லயும் ரெண்டு மூணு பேரிங் தான் இருக்கும், வருஷக்கணக்கா ஓடும்.

கடைல கைல எடுத்து பாருங்க. கைப்பிடிய பின்பக்கமா சுத்தி பாருங்க, உடனே நிக்கணும், ஒரு விரக்கடை போய் டக்குனு நின்னா வேணாம். ஸ்பின்னிங் ரீல் மேல வளைவா நிக்கற பெயில் கம்பி ஓரத்துல நரம்பு உருண்டு போற சின்ன உருளை இருக்கும், நகத்தால தள்ளுனா அது சுத்தணும், சுத்தலன்னா பிரெய்டு அங்கயே உரசி நஞ்சு போயிடும். அப்புறம் டிராக், அதாவது மீன் இழுக்கறப்ப நரம்ப விட்டுக்குடுக்கற அமைப்பு, அத பாதி டைட் பண்ணிட்டு நரம்ப மெதுவா இழுங்க, ஒரே சீரா வரணும், நின்னு நின்னு வெட்டி வெட்டி வந்தா பெரிய மீன் மாட்டற அன்னிக்கு நரம்பு அறுந்துடும். 5.2:1, 6.2:1னு போட்டிருக்கறது ஒரு தடவை கைப்பிடிய சுத்துனா உள்ள எத்தனை சுத்து சுத்துதுங்கற கணக்கு, தவளை ஓட்டறவங்களுக்கு 6க்கு மேல இருந்தா தொங்கற நரம்ப சட்டுனு வாரி இழுக்க வசதி.

பெய்ட்காஸ்டர் நல்ல ரீல் தான், கனமான லூர குறி வெச்சு அடிக்க அத மிஞ்ச ஆள் இல்ல. ஆனா லூர் தண்ணில விழுந்த ஒடனே கட்டை விரல்ல ஸ்பூல அமுக்க பழகணும், இல்லன்னா ஸ்பூல் சுத்திட்டே இருந்து நரம்பு குருவிக்கூடு ஆயிடும். லேசான லூர் அதுல சரியா போகவும் போகாது. மொத செட்டுக்கு 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் வாங்குங்க, ரெண்டாவது செட்டு வாங்கறப்ப பெய்ட்காஸ்டர் பாத்துக்கலாம். ராடும் அதுக்கேத்தது வேணும்ங்க, ஸ்பின்னிங் ராட்ல வளையம் கீழ் பக்கம் பெரிசா ஆரம்பிக்கும், பெய்ட்காஸ்டிங் ராட்ல சின்ன வளையமா மேல் பக்கம் இருக்கும், கைப்பிடில விரல் மாட்டற கொக்கியும் இருக்கும், மாத்தி மாத்தி போட முடியாது.

கேள்வி: ஆன்லைன்ல 100 பீஸ் லூர் பாக்ஸ் ஆஃபர்ல வருது, ஒரு லூர் வெலைக்கு கணக்கு போட்டா ரொம்ப சீப்பா இருக்கே? (அரூர்)

வேணாம். அந்த பாக்ஸ்ல பாதிக்கு மேல பொடி பொடி முள்ளும், ஸ்னாப்பும், ஈயக்குண்டும் தான் பீஸ் கணக்குல சேந்திருக்கும். மிச்சம் இருக்கறது மூணு முள்ளு தொங்கற பிளாஸ்டிக் மீனு, பாசி இருக்கற ஏரில மொத வீச்சுலயே அது பாசிய அள்ளிட்டு வரும். முள்ளும் மட்டமா இருக்கும், ஒரு கிலோ விரால் இழுத்தாலே நிமுந்துடும்.

அதே காசுக்கு நல்ல தவளை ரெண்டு வாங்குங்க, ஒண்ணு கருப்பு, ஒண்ணு பச்சையோ வெள்ளையோ. வாங்கறப்ப ரெண்டு விரல்ல அமுக்கி பாருங்க, உடம்பு லேசா அமுங்கி மேல ரெண்டு முள்ளும் வெளிய தெரியணும், கல்லு மாதிரி இருந்தா மீன் கடிச்சாலும் முள்ளு வெளிய வராது. மூக்குல வளையம் வர்ற ஓட்டைல இடுக்கு இருந்தா தண்ணி ஏறி முழுகிடும். வீட்டுக்கு போய் அமுக்கி விட்டு ஒரு வாளி தண்ணில போட்டு பாருங்க, குமிழி வந்தா காய வெச்சு அந்த எடத்துல ஒரு சொட்டு ஃபெவிக்விக் வெச்சா போதும். கால் ரப்பர் ரொம்ப நீளமா இருந்தா விரால் அத மட்டும் கடிச்சு இழுத்துட்டு போவும், கொஞ்சம் நறுக்கி விடுங்க.

தவளைக்கு அப்புறம் வாங்கறதா இருந்தா வால் ஆடற ரப்பர் மீன் ஒரு பாக்கெட், அதுக்கு அகலமான, கழுத்து வளைஞ்ச ஆஃப்செட் முள்ளு. முள்ளு நுனிய ரப்பருக்குள்ளயே மறைச்சு கோத்துட்டு முன்னாடி ஒரு புல்லட் ஈயம் போட்டா அது தான் பாஸ் ஆளுங்க டெக்ஸாஸ் ரிக்னு சொல்றது, கொடிக்குள்ள சிக்காம வரும். தெறந்த தண்ணிக்கு ஒரு ஸ்பின்னர், அதாவது தகடு சுத்தற லூர். அவ்வளவு தான். கேஆர்பில ஜிலேபி கெண்டைய லூர்ல புடிக்கணும்னு ஆசைப்பட்டா அது வேற உலகம், அல்ட்ரா லைட் ராட், 2 - 5 கிராம் ஸ்பின்னர், மெல்லிசு நரம்பு, மேல சொன்ன செட்டுல அது நடக்காது. வாளை இருக்கற தண்ணில வீசறதா இருந்தா மட்டும் லூருக்கு முன்னாடி ஒரு சாண் ஸ்டீல் ட்ரேஸ் (கம்பி) போட்டுக்கங்க, அந்த பல்லு நரம்ப உரசியே அறுத்துடும்.

கேள்வி: ஒகேனக்கல்ல மாசீர் மீனுக்கு எந்த ஸ்பூன் (கரண்டி மாதிரி தகடு லூர்) வாங்கலாம்? (பென்னாகரம்)

வாங்காதீங்க. மாசீர்ங்கற இந்த மீன்ல காவேரிக்கே உரிய திமில் உள்ள வகைய 2018லயே அழியற விளிம்புல இருக்கற இனம்னு உலக அளவுல பட்டியல் போட்டாச்சு, காவேரியும் அதோட கிளை ஆறுகளும் விட்டா அதுக்கு வேற ஆறு கெடையாது. அதோட 2022ல கிருஷ்ணகிரி, தருமபுரி காப்புக்காடுகள சேத்து காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சிருக்கு, சரணாலயத்துக்குள்ள தூண்டில் போட்டா வனத்துறை கேஸ் போடும். மீன் சாப்பிட ஆசைன்னா பரிசல் துறைல வறுத்து குடுக்கறாங்க, அங்க சாப்பிடுங்க.

கேள்வி: ஆன்லைன்ல 2,800 ரூபாய்க்கு ராட் வாங்குனேன். பிரிச்சா நுனி ஒடிஞ்சு இருக்கு. "நுனி ஒடியறதுக்கு வாரண்டி இல்ல, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்"னு சொல்றாங்க. விட்டுடறதா? (தருமபுரி)

விடாதீங்க. வாரண்டி வேற, ஒடஞ்ச பொருள அனுப்பறது வேற. நீங்க வீசி ஒடச்சிருந்தா அவங்க சொல்றது நியாயம், வரும்போதே ஒடஞ்சிருந்தா அது குறைபாடுள்ள பொருள். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி குறைபாடுள்ள பொருள பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, எதுவும் சொல்லலன்னா 30 நாளைக்குள்ள திருப்பி எடுத்துட்டு காசு தர மறுக்கறது முறையற்ற வியாபாரம். பில்லு தராம இருக்கறதும் அதே கணக்கு தான், ஊர்க்கடைக்கும் இது பொருந்தும், "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ன்னு போர்டு மாட்டிட்டா சட்டம் மாறிடாது.

மொதல்ல அந்த ஆப்லயே குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தர் விவரம் போட்டிருக்கணும், 2020ல வந்த இ-காமர்ஸ் விதி அது. அவருக்கு மெயில் போடுங்க, போட்டோவும் பார்சல் மேல ஒட்டுன சீட்டோட படமும் சேத்து. 48 மணி நேரத்துல கெடச்சதுன்னு பதில் வரணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். அதோட 1915க்கு போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ல புகார பதிவு பண்ணுங்க, இந்த மாதிரி சின்ன தொகை பிரச்சனை நெறைய அங்கயே முடிஞ்சுடும். அதுலயும் ஆவலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். வித்தவன் டெல்லில இருந்தாலும் நீங்க குடியிருக்கற தருமபுரிலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயே போடலாம், ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. காசு பெரிசில்லன்னு விட்டுடறவங்க அதிகம், அத நம்பி தான் இப்படி பதில் சொல்றாங்க.

இனிமே ராட் பார்சல் வந்தா பிரிக்கறத கட் பண்ணாம வீடியோ எடுங்க, குழாய் பெட்டி நசுங்கி இருக்கறது, சீட்டு, உள்ள இருக்கறது எல்லாம் ஒரே ஓட்டமா தெரியணும். வளையத்துக்குள்ள கொஞ்சம் பஞ்ச விட்டு தேய்ச்சு பாருங்க, பஞ்சு மாட்டுனா உள்ள இருக்கற பீங்கான் கீறி இருக்குன்னு அர்த்தம், அது பிரெய்ட அறுக்கும். வெளிநாட்டு சரக்குன்னா பெட்டி மேல எந்த நாட்டுல செஞ்சது, இறக்குமதி செஞ்சவர் பேரு விலாசம், எம்ஆர்பி இருக்கணும், இது ஒண்ணும் இல்லாம பெரிய கம்பெனி பேரு மட்டும் இருந்தா டூப்ளிகேட்டுன்னு சந்தேகப்படுங்க.

கேள்வி: பத்து வயசு பையன், லீவுக்கு தாத்தா ஊர் ஏரில மீன் புடிக்கணும்ங்கறான். கார்பன் ராட் நல்லதுன்னு கடைல சொல்றாங்க, வாங்கித் தரட்டுமா? (பாலக்கோட்டுல இருந்து ஒரு அம்மா)

கார்பன் வேணாம்ங்க. லேசா இருக்கும், மீன் தொட்டா கைக்கு தெரியும், அதெல்லாம் நெசம், ஆனா கார்பன்ல கரண்டு பாயும். நம்ம ஏரிக்கரைல கெணத்து மோட்டாருக்கு போற லைன் தாழ்வா தொங்கற எடம் நெறைய, ராட தூக்கிட்டு நடக்கறப்பவோ வீசறப்பவோ பட்டா உயிர் போயிடும். பெரியவங்களும் இத மனசுல வெச்சுக்கணும், எந்த ராடா இருந்தாலும் லைன் ஓடற எடத்துல விரிக்காதீங்க, ஈரமான எந்த ராடுலயும் ஆபத்து தான்.

பையனுக்கு அஞ்சடி, அஞ்சரை அடி கிளாஸ் ஃபைபர் ராட் வாங்குங்க, மிதிச்சாலும் கார்பன் மாதிரி சட்டுனு ஒடியாது, வெலையும் கம்மி. சின்ன 1000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 8 பவுண்டு நைலான் நரம்பு. அவனுக்கு பிரெய்டு குடுக்காதீங்க, விரல்ல சுத்திட்டு மீன் இழுத்தா சதைய அறுத்துடும். லூர் இப்ப வேணாம், தக்கை போட்டு மண்புழு கோத்து விட்டா ஜிலேபி கெண்டை மாட்டும், மாட்டுனா தான் புள்ளைக்கு ஆசை நிக்கும். முள்ளு நுனிக்கு பக்கத்துல எதிர் முள்ளு ஒண்ணு இருக்கும் பாருங்க, அத குறடால அமுக்கி விட்டுடுங்க, கைல குத்துனாலும் சுளுவா வெளிய வந்துடும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, தலைக்கு ஒரு தொப்பி, நீச்சல் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். முள்ளு குத்துனா டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.