ஜப்பானின் ராப் ஜோடி கிரீப்பி நட்ஸ், ஒரே ஒரு அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) பாட்டால் பிரபலமானவர்கள்தானா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2024 ஜனவரியில் ‘மாஷ்லே’ அனிமேயின் இரண்டாவது சீசனுக்கு ‘பிளிங்-பேங்-பேங்-பார்ன்’ வந்தது. என் அக்கா மகன் நாள் முழுக்க அதைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தான். அந்த வருடத்தின் பில்போர்டு ஜப்பான் பட்டியலில் முதலிடமும் அதற்குத்தான். யார் இவர்கள் என்று தேடிப் பார்த்தபோதுதான் என் நினைப்பு தப்பு என்று தெரிந்தது.

பாடுகிறவர் ஆர்-ஷிதேய். ஒசாகா பக்கத்துச் சகாய் ஊர்க்காரர். ஜப்பானின் பெரிய ராப் மோதல் போட்டியான யூ.எம்.பி.யில் 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று முறை தேசியச் சாம்பியன். எதிராளி சொன்னதைக் கேட்டு, அந்த நொடியிலேயே எதுகையோடு திருப்பி அடிக்க வேண்டிய போட்டி அது. எழுதி வைத்துப் பாட முடியாது. இசை அமைக்கிறவர் டிஜே மட்சுநாகா, நீகாதா மாகாணத்து நாகவோகாக்காரர். 2019இல் லண்டனில் நடந்த டிஎம்சி உலக டிஜே போட்டியில் பேட்டில் பிரிவில் பட்டம் வென்றார். 2021 டோக்கியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் டர்ன்டேபிளோடு (டிஜேக்கள் இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) நின்றவரும் இவரே.

இத்தனை திறமை இருந்தும் இவர்கள் அதிகம் பாடியது தங்கள் குறைகளைப் பற்றித்தான். எனக்குப் பிடித்ததே அதுதான். 2016இல் வந்த முதல் தொகுப்பின் பெயருக்கு ‘போதாத இருவர்’ என்று அர்த்தம். இரண்டு நகைச்சுவைக் கலைஞர்களின் டிவி நிகழ்ச்சியிலிருந்து எடுத்த பெயர். 2021இல் அந்த இருவரின் கடைசி நிகழ்ச்சியில் இவர்களும் பாடினார்கள். 2017இல் பெரிய இசை நிறுவனத்தில் (‘மேஜர்’ என்பார்கள்) வந்த முதல் வெளியீட்டின் பெயர் இன்னும் வேடிக்கை: ‘ஹைஸ்கூல் அறிமுகம், கல்லூரி அறிமுகம், எல்லாமே தோல்வி, ஆனாலும் மேஜர் அறிமுகம்’. புதுப் பள்ளியில் சேரும்போது ஆளையே மாற்றிக்கொண்டு கெத்தாகப் போய் நிற்பதை ஜப்பானில் ‘ஹைஸ்கூல் டெபியூ’ என்பார்கள். அதில் கோட்டை விட்டவர்கள் நாங்கள் என்று அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள்!

நடுவில் ‘ஆல் நைட் நிப்பான்’ என்ற நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் வருடக்கணக்கில் அரட்டை. ‘யோஃபுகாஷி நோ உதா’ என்ற இவர்களுடைய பாட்டின் பெயர் ஒரு மங்காவுக்கே (ஜப்பானிய சித்திரக்கதை) தலைப்பானது. அப்புறம் 2022இல் அது அனிமேயானபோது, அதே பாட்டு முடிவுப் பாடலாகத் திரும்பி வந்தது.

2023 மார்ச்சில் வானொலியை விட்டார்கள். பத்தே மாதத்தில் அக்கா மகன் ஆடிய பாட்டு. ‘ஜெர்சி கிளப்’ என்ற அமெரிக்க நடன இசையின் வேகத் தாளம், மூச்சு விட இடமில்லாத ராப். அதே 2024இல் ‘தண்டதான்’ அனிமேக்கு ‘ஒதொனொகே’யும் வந்தது.

கேட்க ஆரம்பிக்கிறீர்கள் என்றால் 2016 தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அக்கா மகனுக்கும் போட்டுக் காட்டினேன். “மாமா, இதுக்கு ஸ்டெப் இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.