ஜெத்ரோ டல்லின் ‘அண்டர் ராப்ஸ்’ ஏன் ரசிகர்களிடம் எடுபடவில்லை?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ஜெத்ரோ டல் 1984-இல் வெளியிட்ட இந்த ஆல்பம் பழைய ரசிகர்களுக்கே ஏன் ஒட்டவில்லை என்ற கேள்விக்கு முதல் பதில் டிரம்ஸ். இதில் டிரம்மரே கிடையாது. முழுக்க டிரம் மெஷின், அதாவது தாளம் போடும் மின்னணுக் கருவி. சின்தசைசர் கோலோச்சிய காலம். கீபோர்டு வாசித்த பீட்டர் ஜான் வெட்டிஸி பல பாடல்களை, குழுவின் பாடகரும் புல்லாங்குழல் கலைஞருமான இயன் ஆண்டர்சனோடு சேர்ந்தே எழுதினார். ஆனால் மெஷினின் தாளம் இம்மியும் நெகிழாது. புல்லாங்குழல் இழுத்து, விட்டு, மூச்சு வாங்கும் இடங்களில் அது கூடவே வராது.

தலைப்புப் பாடல் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு எவ்வளவு அழகு என்பது இரண்டாவதான அக்கூஸ்டிக் (இயல்பான வாத்திய ஒலி) வடிவத்தில்தான் தெரியும்!

பாடல்கள் குரலையும் பிழிந்தன. ஆல்பத்தை ஒட்டிய இசைச் சுற்றுப்பயணத்தில் ஆண்டர்சனின் தொண்டை கெட்டது. அடுத்த ஸ்டூடியோ ஆல்பம் 1987-இல்தான் வந்தது.