ஐஸ் கட்டி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்

கேள்வி: எனக்கு 24 வயது, எண்ணெய் வழியும் முகம். மூக்கிலும் கன்னத்திலும் துளைகள் பெரிது பெரிதாகத் தெரிகின்றன. சித்தி சொன்னார் என்று எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடா கலந்து தேய்த்து, மேலே ஐஸ் வைத்துப் பார்த்தேன், எரிந்ததுதான் மிச்சம். இரண்டு மாதத்தில் அண்ணன் கல்யாணம். வீட்டிலேயே துளைகளை நிரந்தரமாக மூட வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: மூட முடியாதும்மா, மூடவும் கூடாது. ஒவ்வொரு துளையும் ஒரு மயிர்க்காலின் வாய், அடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய் அது வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். திறந்து மூட அதில் தசையே கிடையாது. ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதெல்லாம் சும்மா. ஐஸ் வைத்த கொஞ்ச நேரம் முகம் இறுக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். முட்டை வெள்ளைக்கருவும் அதே கதை.

சித்தியின் வைத்தியத்தை இன்றோடு நிறுத்துங்கள். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5 அளவில் இருக்கும். இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம், 7-ஐத் தாண்டினால் காரம். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி, ஆப்ப சோடா 8-க்கு மேல். கலந்தால் நுரைக்கும், அந்த நுரை துளைக்குள் போய் எதையும் சுத்தம் செய்யாது. எலுமிச்சை பட்ட முகத்தோடு வெயிலில் போனால் கருந்திட்டு வேறு விழலாம்.

பரம்பரையாக வந்த துளையின் அளவை மாற்ற முடியாது. ஆனால் எண்ணெயும் இறந்த செல்லும் அடைத்துக்கொண்டு அதை விரிப்பதையும், வெயில் பட்டுப் பட்டு ஓரத்துத் தோல் தளர்ந்து போவதையும் நிச்சயம் குறைக்கலாம்.

அடைப்புக்கு 2 சதவீத சாலிசிலிக் ஆசிட். அது எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கி வேலை செய்யும். மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் போடுங்கள், மேலே ஜெல் மாதிரியான மாய்ஸ்சரைசர். ஆனால் உங்கள் முகம் ஏற்கெனவே எரிந்திருப்பதால், எரிச்சல் முழுதாக அடங்கிய பிறகுதான் இதைத் தொட வேண்டும், அதுவரை ஃபேஸ்வாஷும் மாய்ஸ்சரைசரும் போதும். காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம் கழுத்தெல்லாம் தடவுங்கள். பட்டாணி அளவு தடவினால் தடவாத மாதிரிதான். வித்தியாசம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதனால் கல்யாணத்துக்குள் ஓரளவுதான் எதிர்பார்க்கலாம்.

முல்தானி மட்டி பிடிக்கும் என்றால் வாரம் ஒரு முறை போடுங்கள், எண்ணெயை உறிஞ்சும், காய்ந்து வெடிக்கும் முன்பே கழுவிவிட வேண்டும். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மூக்கில் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகளை நகத்தால் பிதுக்காதீர்கள். பெரும்பாலும் அது அழுக்கே இல்லை, இயல்பாக இருக்கும் எண்ணெய் இழைதான், எடுத்தாலும் சில வாரத்தில் மறுபடி நிரம்பிவிடும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை: "அண்ணே, முகத்துக்கு நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த ட்யூப் என்றால் முதலில் முகம் பளிச்சென்று ஆகும், போகப் போகத் தோல் மெலிந்து, நிறுத்தினால் சிவந்து பருவாகக் கிளம்பும். மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி வளர்வது இதெல்லாம் கூடவே இருந்தால் க்ரீம் தேடாமல் டாக்டரைப் பாருங்கள். குழி குழியாக இருப்பது பழைய பருத் தழும்பு என்றாலும் வீட்டு வைத்தியத்தில் போகாது, தோல் டாக்டர்தான்.

கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் புதிதாக எதையும் முகத்தில் போடாதீர்கள், பார்லரில் முதல் முறை ஃபேஷியலும் அப்போது வேண்டாம். அன்றைக்கு மேக்கப்புக்கு அடியில் போடும் மேட் (பளபளப்பில்லாத) ப்ரைமர் கொஞ்சமாகப் போதும். மேக்கப் போடுபவரிடம் கன்னத்தில் ஹைலைட்டர் வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள், அந்த மினுமினுப்பு துளைகளைத்தான் எடுத்துக் காட்டும்.