‘கூ யூல்’ சொல்லலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

பக்கத்து வீட்டு அம்மா தந்த நத்தார் வாழ்த்து அட்டையில் ‘God Jul’ என்று எழுதியிருக்கு, அதில் ஆங்கிலக்காரர் கடவுளுக்கு எழுதுகிற அதே மூன்று எழுத்தும் இருக்கு, சைவக்காரர் நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லுங்கோ. நோர்வே மொழியில் ‘God’ என்றால் ‘நல்ல’ என்றுதான் அர்த்தம், ‘Jul’ என்றால் நத்தார். ‘God’ இன் கடைசி எழுத்து வாயில் வராது, ‘கூ யூல்’.

ஒஸ்லோவில் என்னுடைய முதல் டிசம்பர். பின்னேரம் மூன்றேகாலுக்குள் சூரியன் போய்விட்டது. படிக்கட்டில் ஒரு வயதான மனிசி இதே வாழ்த்தைச் சொன்னா. உங்களைப் போலவே யோசித்து, வாய் திறக்காமல் போய்விட்டேன். அவவின் முகம் வாடினது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்குது.

எங்கட ‘நத்தார்’ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். பிறப்பு என்று பொருள். ‘யூல்’ அப்படியில்லை. கிறிஸ்தவம் இங்கே வருவதற்கு முன்பே இருந்த பெயர். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹோகோன் அரசர் இங்கிலாந்தில் வளர்ந்த கிறிஸ்தவர். குடிகளோ ஓடினையும் தோரையும் கும்பிட்டவர்கள். நடுக்குளிர்கால இரவில் தொடங்கின யூலை அவர் கிறிஸ்தவர்களின் நாளுக்கு மாற்றினார். வீட்டுக்கு வீடு தானியம் போட்டு பியர் வடிக்கவேணும், அது தீருமட்டும் கொண்டாடவேணும், தவறினால் தண்டம் என்று சட்டமும் வைத்தாராம். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி இதை எழுதி வைத்திருக்கிறார். நாள்தான் மாறியது, பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அதற்காக இது கிறிஸ்தவப் பண்டிகை இல்லையென்று நினைக்காதேங்கோ. 24ஆம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்குத் தேவாலய மணி அடிக்கத் தொடங்கும்போதுதான் பலருக்கு யூல் பிறக்கிறது. பள்ளிக்கூடத்தோடு மகளைத் தேவாலயத்துக்கு அனுப்ப விருப்பமில்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கோ, வேறு ஏற்பாடு செய்வார்கள்.

அடுத்த வருசம் நானே போய் அந்த மனிசிக்குக் ‘கூ யூல்’ சொன்னேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இருத்தினா. பாலில் குழைய வெந்த சோறு, மேலே சீனியும் கறுவாத்தூளும், நடுவில் உருகுகிற வெண்ணெய்க்கட்டி. முந்தி பண்ணை வீடுகளில் ‘நிஸ்ஸ’ என்ற காவல் ஆவிக்கும் ஒரு கிண்ணம் கொட்டிலில் வைப்பார்களாம். வெண்ணெய் இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வருமாம்.

உங்களுக்கும் அந்தச் சோறு கிடைக்கும். உள்ளே ஒரேயொரு பாதாம் பருப்பு கிடக்கும். பல்லில் பட்டால் உடனே காட்டிவிடாமல், எல்லாரும் சாப்பிட்டு முடியுமட்டும் கன்னத்துக்குள் ஒளித்து வையுங்கோ. பாதாமும் சீனியும் அரைத்துப் பிடித்த பன்றிக்குட்டிதான் பரிசு.